பத்தாவது இடம் காலி

மலைமேல் மூஞ்சிக்கல்லில் எங்கள் தெருவில் புஷ்பமேரியைத் தெரியாத ஆள் இருந்தால் அவருக்குக் காது கேட்காது என்று அர்த்தம். விடிந்தும் விடியாமல் அவளுடைய டைப் மெஷின் தட்ட ஆரம்பித்துவிடும். மனு, பத்திரம், ஓட்டல் மெனு எதுவானாலும் அவள் கையில் பிழை இருக்காது. இருக்கிறது என்று சொன்னவன் தொலைந்தான். கோபம் அவளுக்கு மூக்குக்கு மேல்.

புருஷன் பரமானந்தம் ஓட்டல் சமையல்காரர். மூத்தவன் அடைக்கலம், அடுத்தவள் அமலி, கடைக்குட்டி சூசை. அமலி பள்ளிக்கூடத்தில் என்னிடம்தான் படித்தாள். எழுபத்தாறில் மூளைக்காய்ச்சல் வந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு பரமானந்தம் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. ராத்திரி செபத்தில்கூட "எங்க ரெண்டு பிள்ளைகளையும்" என்றுதான் வேண்டுவார். மூன்று என்று சொல்ல புஷ்பமேரிக்கு நாக்கு துடிக்கும். சொன்னால் மனுஷன் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அதனால் யார் கேட்டாலும் அவளும் ரெண்டு என்பாள்.

எண்பதாம் வருஷக் கடைசியில் இராமலிங்கம் என்ற ஆராய்ச்சி மாணவர் தீசிஸ் எழுதி முடிக்க இங்கே வந்து அறை எடுத்தார். நோய்க்கிருமியை எதிர்க்க நம் உடம்பு செய்கிற புரதங்களைப் பற்றிய தீசிஸ். அந்தப் புரதம் மணி கோத்த மாலை மாதிரியாம். ஒவ்வொரு மணிக்கும் ஓர் எழுத்து, ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண். மனுஷனுடையதோ எலியுடையதோ, ஒரே இடத்துக்கு ஒரே எண்தான். பக்கம் பக்கமாக அதை டைப் அடிக்கும் வேலை புஷ்பமேரிக்கு வந்தது.

சில வரிசைகளில் ஒன்பதுக்கு அடுத்து பதினொன்று இருந்தது, நடுவே ஒரு வெற்றிடம். டைப் பரீட்சையில் இடைவெளி பிசகினால் மார்க் போகும். பாவம், பையன் அவசரத்தில் எண்ணை விட்டுவிட்டான் என்று நினைத்து, பதினொன்றைப் பத்தாக்கி, எல்லாவற்றையும் ஒவ்வோர் இடம் முன்னே நகர்த்தி, நெருக்கமாக அடித்துக் கொடுத்தாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதைதான்.

இராமலிங்கம் தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா, போச்சுக்கா! அத்தனையும் திரும்ப அடிக்கணும்."

"ஆளே இல்லாத எடத்துக்கு நம்பர் எதுக்குங்க?"

"கூடுதலா ஒண்ணு வந்தா அம்பத்திரெண்டுக்குப் பக்கத்துல அம்பத்திரெண்டு ‘ஏ’ன்னு போடுறோம்."

"அது தெரியும். எங்க வீடே பதினாலு ஏ தான்."

"அதே மாதிரி, ஒண்ணு இல்லாமப் போனா அந்த எடத்தைச் சும்மா விட்டுறணும். அந்த நம்பரை அடுத்ததுக்குக் குடுத்தா, அதுக்குப் பின்னாடி கெடக்குற எல்லாமே பொய்யாயிரும்க்கா."

புஷ்பமேரி சண்டை போடாமல் தோற்றது அன்றைக்குத்தான். கிறிஸ்துமஸ் வேலையெல்லாம் அப்படியே கிடக்க, முழுவதையும் மறுபடி அடித்தாள். பத்தாவது இடம் வரும்போதெல்லாம் ஸ்பேஸ் பாரை ஒரு தட்டு.

பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. வாத்தியார்கள் தலையில்தானே அந்தச் சோலியைக் கட்டுவார்கள்! குளிரில் மூக்கு ஒழுக நான் பதினாலு ஏ வாசலில் போய் நின்றேன். எனக்குத் தெரியாத குடும்பமா? இருந்தாலும் கேட்டுத்தானே எழுத வேண்டும்.

"பொறந்த பிள்ளைங்க மொத்தம் எத்தனை?"

"ரெண்டு சார்," என்றார் பரமானந்தம். நானும் ரெண்டு என்றே எழுதப் போனேன்.

உள்ளே மெஷின் நின்றது.

"மூணுன்னு எழுதுங்க சார்," என்று புஷ்பமேரி வெளியே வந்தாள். "மூத்தவன் அடைக்கலம். மூணாவது சூசை. சூசை ரெண்டாவது இல்ல. ரெண்டாவது எடம் காலியாக் கெடக்கு. அதை யாருக்கும் குடுக்க முடியாது."

பரமானந்தம் எழுந்தார். போய்விடுவார் என்றே நினைத்தேன். கதவு வரை போனவர் திரும்பினார்.

"அமலி," என்றார். "அவ பேரு அமலி, சார்."