தேர்ட் ஷிப்ட்டின் ஆறாவது பாட்டு

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது நடந்தது. எனக்குச் சொன்னவர் பாவாடை. தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை மேஸ்திரி. இரும்பைக் கடைந்தால் அரை நூல் கூடாது, அரை நூல் குறையாது. பேச்சும் அப்படித்தான். நானே கண்ணால் பார்த்ததுபோல் சொல்கிறேன் என்றால், அவர் அவ்வளவு அளந்து சொன்னார் என்று அர்த்தம்.

1982. ஆயுத பூஜை. செவ்வாய்க்கிழமை.

பாவாடைக்கு அப்போது இருபத்தாறு வயது. பகலில் லேத், சாயங்காலத்தில் டிரம்ஸ். "தேர்ட் ஷிப்ட்" என்று மூன்றே பேர் கொண்ட ராக் பேண்டு. பேர் வைத்தவன் வடிவேல், சாரம் என்ற ஊர்க்காரன். மில்லில் மூன்றாவது ஷிப்ட் பார்த்தவன். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே வளர்ந்த தொண்டை. கித்தாரை மாட்டிக்கொண்டு அவன் குரலெடுத்தால் மைக் வெறும் அலங்காரம். மூன்றாவது ஆள் அந்துவான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பிய சொல்தா ஒருவரின் மகன். பேஸ் கித்தார் வாசிப்பான். அப்பா பாரிசிலிருந்து தூக்கி வந்த ரீல் டேப் ரெக்கார்டர் அவனிடம் இருந்தது.

சொந்தமாக ஆறு பாட்டு வைத்திருந்தார்கள். எல்லாம் தமிழ்ப் பாட்டு. கல்யாண வீட்டில் வாசித்தால் சினிமாப் பாட்டுதான் கேட்பார்கள். சொந்தப் பாட்டை எடுத்தால் கூட்டம் பந்திக்கு எழுந்து போய்விடும். பாவம், மாப்பிள்ளை மட்டும் எழுந்திருக்க முடியாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்த மாசம்தான் வடிவேலுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. விரல் வைத்தால் தெரியும். இலந்தப்பழம் அளவு. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை ஆபரேஷன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கழுத்தைத் திறந்துதான் எடுக்க வேண்டும். உயிருக்குப் பயமில்லை, குரலுக்கு உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். பெண்டாட்டி ஆதிலட்சுமி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். வடிவேல் அழவில்லை. நேரே பட்டறைக்கு வந்தான்.

"வியாழக்கிழம அறுக்கறாங்கடா. அதுக்குள்ள ஆறு பாட்டையும் டேப்புல ஏத்திடணும்."

"எங்கடா ஏத்தறது?"

"இங்கதான். இந்த ஷெட்டுல."

ஷெட் நல்ல ஷெட்தான். உயரமான தகரக் கூரை, கணீரென்று கேட்கும். ஆனால் சுற்றிலும் பட்டறை. விடிந்தால் அடைந்தால் டங்கு டங்கு என்று இரும்பு. மூன்று ஷிப்ட்டும் ஓடும். வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் தட்டாஞ்சாவடி வாயை மூடும். அது ஆயுத பூஜை. அந்த வருஷம் அது வடிவேலுக்காகவே வந்ததுபோல செவ்வாய்க்கிழமை வந்தது.

ஒரு சிக்கல். உங்களுக்குத் தெரிந்ததுதான். பூஜையில் வைத்த கருவியை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் மறுபூஜை போட்டு, கற்பூரம் காட்டி, அப்புறம்தான் எடுக்க வேண்டும். பட்டறைக்காரர்கள் இதில் ரொம்பக் கறார். ஒரு ஸ்பேனரைக்கூட நகர்த்த மாட்டார்கள். பாவாடை அன்று காலை லேத், டிரில்லிங் மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தபோது, கூடவே தன் டிரம்ஸையும், வடிவேலின் கித்தாரையும், அந்துவானின் பேஸையும் வரிசையாக வைத்துக் குங்குமம் இட்டிருந்தார். நல்லெண்ணத்தில் செய்ததுதான். பழக்கதோஷம். பதினொரு மணிக்கு முதலாளி கோவிந்தசாமி ஆளுக்கு ஒரு பொட்டலம் பொரிகடலை கொடுத்து, சாயங்காலம் விளக்கேற்றச் சொல்லி, சாவியைப் பாவாடையிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

"பூசையில வெச்சிட்டேனே மச்சான்" என்றார் பாவாடை.

வடிவேல் அவர் கையைப் பிடித்துத் தன் தொண்டையில் வைத்தான். கட்டி விரலில் இடறியது. பாவாடை சாவியை எடுத்தார்.

பிற்பகல் 1.15. பூட்டைத் திறந்தார்கள்.

உள்ளே ஊதுவத்தி வாசனை. லேத்துக்குப் போட்ட சாமந்தி மாலை அப்படியே இருந்தது. காலையில் படைத்த பொரி மட்டும் தரையில் கொட்டிக் கிடந்தது. லேத்திலிருந்து டிரம்ஸ் வரைக்கும். அங்கங்கே நசுங்கி... யாரோ மிதித்து நடந்த மாதிரி. பெருச்சாளி வேலை என்று பாவாடை கூட்டித் தள்ளினார். பெருச்சாளி பொரியைத் தின்னுமா, மிதித்துவிட்டுப் போகுமா? அப்போது தோன்றவில்லை.

டிரம்ஸைத் தூக்கி மையத்தில் வைத்தார். லேத் அவருக்கு இடது பக்கம். வடிவேல் நாலடி முன்னால், முதுகைக் காட்டி, மைக்கைப் பார்த்து. ரெக்கார்டர் ஓரமாக. அந்துவான் காதில் ஹெட்போன், கண் ரெக்கார்டர் முள்ளில்.

"அலே!" என்றான் அந்துவான், பிரெஞ்சில் ஆரம்பிக்கச் சொல்லி.

1.50. முதல் பாட்டு. மேல் ஸ்தாயியில் வடிவேலுக்குக் குரல் உடைந்தது. எல்லாருக்கும் கேட்டது. அவனே திரும்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். சரி, ஒருதரம் கேட்டுவிட்டு மறுபடி பாடலாம் என்று டேப்பை ஓட்டினார்கள்.

உடையவில்லை.

அதே இடம். குரல் வழுக்கிக்கொண்டு மேலே போயிற்று.

"ஒடஞ்சுதேடா..." என்றார் பாவாடை.

"மைக்குக்கு ஒன் மேல பாசம்" என்று அந்துவான் சிரித்தான். வடிவேலும் சிரித்தான். பாவாடைக்குச் சிரிப்பு வரவில்லை. அளவு தப்பினால் அவருக்குத் தெரியும். நின்ற இடத்தில் ஒரு மாதிரியும், டேப்பில் ஒரு மாதிரியும் கேட்டால் அது அளவு தப்பியது.

2.35. இரண்டாவது பாட்டு. வடிவேலின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. களைப்பு என்று நினைத்தார்கள். டேப்பில் குரல் இன்னும் ஓங்கிக் கேட்டது.

3.10. மூன்றாவது. பாட்டு முடியும் இடத்தில் பாவாடை இடது பக்கத்து சிம்பல் தட்டை ஓங்கி அடித்தார். அடித்தால் அது பத்து எண்ணும் வரைக்கும் அதிரும்.

அதிரவில்லை.

டப்... என்று நின்றது. யாரோ விளிம்பைக் கையால் பிடித்த மாதிரி.

பாவாடை இடது பக்கம் பார்த்தார். லேத். மாலை. வேறொன்றும் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்துக் காது மட்டும் சில்லென்று இருந்தது. தகரக் கூரை, பிற்பகல் வெயில், மூன்று பேருக்கும் சட்டை நனைந்து ஒட்டிக்கிடக்கிறது. இடது காது மட்டும் பானைத் தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல.

"போதும்டா. மீதிய அப்பறம் பாக்கலாம்."

"எப்பறம்?" என்றான் வடிவேல். குரல் கரகரத்தது. "எனக்கு ஏதுடா அப்பறம்?"

 பாவாடை குச்சியை எடுத்தார்.

3.50. நான்காவது. கற்பூர வாசனை. யாரும் ஏற்றவில்லை.

4.30. ஐந்தாவது. பாதிப் பாட்டில் வடிவேல் குரல் நூலாகிவிட்டது. பாவாடைக்குக் கேட்கவே இல்லை. டிரம்ஸ் சத்தத்தில் அமுங்கிப் போகிறது என்று தேற்றிக்கொண்டார். பாட்டு முடிந்தது. அந்துவான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

"தண்ணி வேணுமாடா?" என்றார் பாவாடை.

வடிவேல் வேண்டாம் என்று தலையாட்டினான். ஒரு விரலைக் காட்டினான். இன்னும் ஒன்று.

5.10. ஆறாவது பாட்டு.

"அலே!"

பாவாடை அடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, பாட்டு காதில் ஏறாமல் அடித்தார். இடது பக்கம் பார்க்கக் கூடாது. முடிந்தால் போதும். முடித்துவிட்டு வெளியே ஓடிவிட வேண்டும்.

இரண்டாவது சரணம்.

கண்ணைத் திறந்தார்.

வடிவேல் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கை கித்தாரில். கண் இங்கே.

பாவாடை முகத்தில் இல்லை அந்தப் பார்வை. ஒரு சாண் தள்ளி.

இடது பக்கம்.

வடிவேல் முகம் வெளுத்துப் போனது.

பிறகு... மெதுவாக... மறுபடி மைக் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பாட்டு முடிந்தது. 5.14.

 அந்துவான் டேப்பைப் பின்னால் சுற்றிப் போட்டான். கேட்டார்கள். அப்படி ஒரு குரலை அதற்கு முன்னும் பின்னும் பாவாடை கேட்டதில்லை. வடிவேல் குரல்தான். ஆனால் வடிவேல் அவ்வளவு நன்றாகப் பாடி அவர் கேட்டதில்லை. அந்துவான் ஹெட்போனைக் கழற்றினான்.

"எங்கடா மூச்சு எடுத்தே? நாலு நிமிஷம்... ஒரு எடத்துலயும் மூச்சு சத்தமே இல்ல."

வடிவேல் தரையைப் பார்த்தபடி கித்தாரை உறையில் போட்டான். சாமான்களை அள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். பாவாடை பூட்டினார். விளக்கேற்றவில்லை. ஏற்ற உள்ளே யார் போவது?

வியாழக்கிழமை அவர் கோரிமேட்டுக்குப் போனார். வார்டு வாசலிலேயே ஆதிலட்சுமி மறித்துக்கொண்டாள். ஆபரேஷன் ஆயிற்று, யாரையும் பார்க்கவிடவில்லை என்றாள். பத்து நாள் கழித்து வீட்டில் பார்த்தபோது வடிவேல் கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தான். பேச்சில்லை. கையைக் காட்டுவான், எழுதிக் காட்டுவான். சித்திரை வெயிலிலும் அந்த மப்ளர் இறங்கவில்லை. குரல் போனது போனதுதான். ஆனால் ஆறு பாட்டும் இருந்தது. பாவாடை அதை நினைத்துத்தான் மனசைத் தேற்றிக்கொண்டார்.

கேசட் வந்தது. அந்துவான் முதலில் நூறு பிரதி போட்டான். அதிலிருந்து ஆளாளுக்குப் பிரதி எடுத்தார்கள். விழுப்புரம் பஸ்ஸில் பாடியது, கடலூர் டீக்கடையில் பாடியது, காலேஜ் ஹாஸ்டலில் தேயத் தேயப் பாடியது. தேர்ட் ஷிப்ட் என்றால் எல்லாரும் கேட்டது ஆறாவது பாட்டைத்தான். பையன்கள் புதிது புதிதாய் பேண்டு ஆரம்பித்து மேடையில் அதைப் பாடிப் பார்ப்பார்கள். பாதியில் மூச்சு வாங்கி நிற்பார்கள். முழுசாகப் பாடியவன் இன்றுவரை ஒருத்தனும் கிடையாது. தேர்ட் ஷிப்ட்டும் மறுபடி சேர்ந்து வாசிக்கவில்லை. அந்த ஒரு கேசட்தான்.

பாவாடை வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை சாரத்துக்குப் போய் வடிவேலோடு உட்கார்ந்திருப்பார். வடிவேல் டீ கொடுப்பான். சிநேகிதனைப் பார்ப்பான், சட்டென்று கண்ணை எடுத்துக்கொள்வான். குரல் போன வருத்தம் என்று பாவாடை நினைத்தார். இப்படியே ஆறு வருஷம்.

1988 மார்கழியில் நெஞ்சு வலி வந்து வடிவேல் போய்விட்டான். குளிப்பாட்டும்போது மப்ளரை எடுத்தது பாவாடைதான்.

கழுத்தில் ஒரு கீறல் இல்லை.

தடவிப் பார்த்தார். தழும்பு இல்லை. கட்டியும் இல்லை. வழவழவென்று இருந்தது. சடங்கெல்லாம் முடிகிற வரைக்கும் பொறுத்திருந்து, ஆதிலட்சுமியைத் தனியாகக் கேட்டார்.

"ஆபரேஷனே நடக்கலண்ணா" என்றாள். "வியாழக்கிழம காலைல டாக்டரு தொட்டுப் பாத்தாரு. கட்டியக் காணோம். படம் எடுத்தாங்க. பெரிய டாக்டரும் வந்து பாத்தாரு. ஒண்ணுமில்லம்மா, கூட்டிட்டுப் போன்னாரு. தொண்ட நல்லாத்தான் இருக்குது, ஏன் பேச மாட்றாருன்னு என்னியே கேட்டாரு."

"எங்கிட்ட ஏன்மா மறச்சீங்க?"

"சாமி மேல சத்தியம் வாங்கிட்டாருண்ணா. பாவாடைக்குத் தெரிஞ்சா செத்துடுவான்னு எழுதிக் காட்னாரு. தான் போனப்பறம் இத மட்டும் குடுன்னாரு."

நாலாய் மடித்த நோட்டுத் தாள். வடிவேல் கையெழுத்து. அந்தத் தாளை என்னிடமும் காட்டினார் பாவாடை. பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் படித்தேன். 

"பாவாடை, அஞ்சாவது பாட்டோடு என் குரல் போய்விட்டது. ஆறாவது பாட்டுக்கு நான் வாயைத் திறக்கவே இல்லை. என் குரல் எனக்குப் பின்னாலிருந்து பாடியது. நீதான் ஏதோ வேடிக்கை செய்கிறாய் என்று திரும்பினேன். உன் வாய் மூடியிருந்தது. உன் பக்கத்தில் நின்று, உன் தோளில் கை வைத்துக்கொண்டு அது பாடியது. சொன்னால் நீ தாளத்தை விட்டுவிடுவாய், கேசட் முடியாது. அதனால் அன்றைக்குச் சொல்லவில்லை. அப்புறம் சொல்ல மனசு வரவில்லை. இப்போது எனக்குப் பிறகு உனக்குச் சொல்ல ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ வரும்போதெல்லாம் பார்க்கிறேன். அது இன்னும் கையை எடுக்கவில்லை."