வலப்பக்கத்துக் காட்டர் பின்

பெட்ரோல் நின்றுபோன வருஷம், எங்கள் மலையடிவார ஊரான இஸ்ஃபாராவின் கொட்டகைகளில் துருப்பிடித்துக் கிடந்த பழைய ரஷ்ய சைக்கிள்களெல்லாம் தெருவுக்கு வந்தன. அவற்றைப் பழுதுபார்க்க மாவு மில் வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்தவள் மஸ்தூரா. பக்கத்தில் நான் ரொட்டி விற்றுக்கொண்டிருந்தேன்.

பம்பு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவள் அவள். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வேலை தேடி ரஷ்யாவுக்குப் போன புருஷனிடமிருந்து முதல் குளிர்காலத்தோடு சேதி நின்றுபோயிற்று. குழந்தை இல்லை. மாமியார் ஹலிமாவின் வீட்டிலேயே, கொழுந்தன் ஃபைசுல்லாவும் அவன் மனைவி ஜுல்ஃபியாவும் இருந்த அதே முற்றத்தில் இருந்தாள்.

பொம்பளை சுத்தியல் பிடிப்பதைப் பார்க்கவே மில்லுக்கு வருகிறவர்கள் கொஞ்ச நேரம் நிற்பார்கள்.

"என்னம்மா, நட்டுக்கும் போல்ட்டுக்கும் நிக்காஹ் பண்ணி வைக்கிறியா?" என்றான் ஒரு வண்டிக்காரன்.

"உன் பல்லுக்கும் இந்தச் சுத்தியலுக்கும் பண்ணி வைக்கட்டுமா, சொல்லு."

அவன் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவனே சைக்கிளைக் கொண்டுவந்தான்.

அந்த வண்டிகளில் பெடல் கட்டையை அச்சோடு பிடித்து வைப்பது ஒரு பக்கம் சாய்வாகச் சீவிய சின்ன இரும்பு ஆணி. காட்டர் பின் என்பார்கள். அதன் வாலில் திருகு மரை வெட்டி ஒரு நட்டு போட்டிருக்கும். மஸ்தூரா கட்டைக்கு அடியில் கனமான இரும்புத் துண்டை முட்டுக் கொடுத்து, பின்னைச் சுத்தியலால் அடித்து இறக்குவாள். சத்தம் மந்தமாக இருக்கும்வரை அடிப்பாள். கணீரென்று மாறியதும் நிறுத்துவாள். நட்டைக் கடைசியில் குட்டை ஸ்பேனரால் லேசாகத்தான் முறுக்குவாள். வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே பாட்டுத்தான்: "கால்வாய் வரைக்கும் ஒரு சுத்து ஓட்டிட்டு வா. கொஞ்சம் இளகியிருக்கும், மறுபடி அடிச்சுத் தர்றேன். நீயா நட்டை இழுக்காத. பின்னை இறக்கறது நட்டோட வேலை இல்ல, இறங்கினத வெளிய வராம பிடிச்சுக்கறதுதான் அதோட வேலை."

ஃபைசுல்லா மலைக் கிராமங்களிலிருந்து உலர்ந்த ஆப்ரிகாட் பழ மூட்டைகளைச் சைக்கிளில் இறக்கி விற்றுக்கொண்டிருந்தான். ஏப்ரலில் அவன் வண்டிக்கு இரண்டு பக்கமும் புதுப் பின் போட்டுக் கொடுத்தாள். போனவன் மறுபடி அடித்து வாங்கத் திரும்பி வரவில்லை. மறுநாள் மில் வாசலைத் தாண்டும்போது வலப்பக்கக் கட்டையிலிருந்து டக் டக்கென்று சத்தம் கேட்டது. மஸ்தூரா எழுந்தே விட்டாள்.

"தம்பி, நில்லு! பின் இளகியிருக்கு. ரெண்டு அடி அடிச்சா போதும்."

சுற்றிலும் ஆண்கள் நின்றார்கள். அவன் வண்டியை நிறுத்தவில்லை.

"கூப்பிட்டதும் ஓடி வர நான் என்ன உன் புருஷனா அண்ணி? அவனே உன்ன விட்டு ஓடிட்டான்!"

அந்த வண்டிக்காரன்கூடச் சிரிக்கவில்லை. மஸ்தூரா சாக்கில் உட்கார்ந்து, கையிலிருந்த சங்கிலியைத் துடைத்துக்கொண்டேயிருந்தாள். அது ஏற்கெனவே துடைத்த சங்கிலி.

நாலைந்து நாள் கழித்து மலைச் சரிவில் ஃபைசுல்லாவின் வலப்பக்கக் கட்டை கழன்றது. அந்த ரஷ்ய வண்டிகளுக்குக் கைப்பிரேக் கிடையாது. பெடலைப் பின்னால் மிதித்தால்தான் நிற்கும். கட்டையோடு சேர்ந்த பல்சக்கரமும் கழன்றதால் சங்கிலி போயிற்று, பிரேக்கும் போயிற்று. பின்னால் இரண்டு மூட்டைப் பாரம். பாலத்தின் கற்சுவரில் போய் மோதினான். ஒரு கதவைக் கழற்றி அதில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். வீடு வந்து சேரும்போது உயிர் இல்லை.

அடக்கம் முடிந்து பெண்கள் அழுதுகொண்டிருக்கையில் ஹலிமா எல்லோருக்கும் முன்னால் மருமகளைப் பார்த்துச் சொன்னாள்: "நீ தொட்ட வண்டிதானே?"

மறுநாள் மஸ்தூரா தனியாகச் சரிவுக்கு நடந்து போனாள். வெகுநேரம் தேடி, சரளையில் கிடந்த பின்னை எடுத்து வந்தாள். வழியில் என்னிடம் காட்டினாள். மரை முழுக்க மழுங்கி, வாலில் உரித்த மாதிரி இருந்தது.

"இது என் கை இல்லக்கா. யாரோ நீளமான ஸ்பேனரப் போட்டு நட்டை இழுத்திருக்காங்க. மரை அறுந்திருக்கு. அப்புறம் நட்டு எங்க நிக்கும்?"

அதை மாமியாரிடமும் கொண்டுபோய்க் காட்டினாள். ஹலிமா அதைப் பார்க்கவேயில்லை.

"இரும்பையா காட்டுற? எனக்கு என் புள்ளையக் காட்டுடி!"

அதன்பின் மில் வாசலில் ஒரு வண்டியும் அவள் முன் நிற்கவில்லை. காற்றடிக்கக்கூட யாரும் வரவில்லை. வெயில் ஏறும்வரை கருவிகளைப் பரப்பி வைத்துக் காத்திருப்பாள். நான் ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தால் கையில் வைத்துக்கொண்டிருப்பாள், தின்ன மாட்டாள்.

நாற்பதாம் நாள் சடங்கு முடிந்தபின், ரொட்டி வாங்குகிற சாக்கில் ஜுல்ஃபியா வந்தாள். முக்காட்டை வாய்வரை இழுத்துக்கொண்டு மஸ்தூராவின் எதிரில் குந்தினாள்.

"அக்கா, அவருதான் நட்டை இழுத்தாரு. ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி. நான்தான் வண்டியப் புடிச்சுக்கிட்டேன்."

மஸ்தூரா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"அப்பவே எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே ஜுல்ஃபியா. நான் ராவோட ராவா மாத்தியிருப்பேனே."

"சொல்லக் கூடாதுன்னாரு. பொம்பளைகிட்ட திரும்பப் போனா மில்லுக்காரங்க சிரிப்பாங்கன்னாரு."

"சரி. இத அத்தைகிட்ட சொல்லுவியா?"

ஜுல்ஃபியா தலையசைத்து மறுத்தாள். "ரெண்டு பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு அந்த வீட்டுலதான் நான் இருக்கணும். ஏன் தடுக்கலன்னு என்னக் கேப்பாங்க."

"அப்போ எங்கிட்ட எதுக்குச் சொன்ன?"

"தூங்க முடியலக்கா."

"இனிமே நீ தூங்குவ," என்றாள் மஸ்தூரா. குரலில் கோபம்கூட இல்லை. ஜுல்ஃபியா ரொட்டியை மறந்துவிட்டு எழுந்து போனாள்.

"நான் போய்ச் சொல்றேன்," என்றேன். மஸ்தூரா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம். அவளையும் துரத்துவாங்க. பிள்ளைங்க எங்க போகும்?"

இலையுதிர்காலத்துக்குள் அவள் வீட்டை விட்டு வெளியேறும்படி ஆயிற்று. பக்கத்து ஊரான கனிபாதாமில் பழங்களை டப்பாவில் அடைக்கும் ஆலையில் கொட்டை எடுக்கிற வேலை. மூன்று வருஷம் கழித்து நான் அங்கே போனபோது, வேலிக்கு அந்தப் பக்கம் ஓடி வந்தாள். பழச்சாறு ஊறி விரல்களெல்லாம் வெடித்திருந்தன. புருஷனைப் பற்றிக் கேட்கவில்லை.

"அத்தை எப்படி இருக்காங்க?"

"நோன்பு மாசத்துல போயிட்டாங்க."

"ஜுல்ஃபியா சொன்னாளா? கடைசியிலயாவது?"

"இல்ல."

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே சங்கு ஊதியது. மேற்பார்வைக்காரி பெயர் சொல்லிக் கத்தினாள். மஸ்தூரா முக்காட்டுத் துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மற்றப் பெண்களோடு வரிசையில் போய் நின்றாள்.