சுளுக்கு என்று சொன்ன தோள்

மலாயாவில் கிள்ளானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் டிரெஸ்ஸராக இருந்தேன். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை கொடுப்பது, யார் வேலைக்குப் போகலாம் என்று எழுதுவது எல்லாம் நான்தான். தொழிலாளிகள் என்னை டாக்டர் என்றே நினைத்தார்கள். நானும் மறுத்ததில்லை.

ஒரு மழைநாளில் பால்மரம் வெட்டும் பெண் ஒருத்தி வந்தாள். வாளியோடு கால்வாய்ப் பலகையில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்திருந்தாள். கூட வந்த கங்காணி, கள்ளம் பண்ணுகிறாள் என்றார். ரவிக்கையை விலக்கிப் பார்க்க எனக்குக் கூச்சம். வெளியே கூட்டம் வேறு காத்திருந்தது. துணிக்கு மேலேயே தோளைத் தடவிப் பார்த்துச் சுளுக்கு என்றேன். தைலம் தேய்த்துக் கட்டினேன். மூன்றாம் நாள் வேலைக்குப் போகலாம் என்று எழுதினேன்.

ஆறு வாரமாகியும் கை உயரவில்லை. அவள் கணவன் தோட்டத் துரையிடம் முறையிட்ட பிறகு, நானே அவளை டவுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியதாயிற்று.

வெள்ளைக்கார டாக்டர் அவளைத் தொடவே இல்லை. வலது கையை இடது தோளில் வைக்கச் சொன்னார். அவளால் முடியவில்லை. உருண்டிருக்க வேண்டிய தோள் சப்பையாக இருந்தது. மூட்டு நழுவியிருக்கிறதா என்று அறியும் அந்தச் சோதனையைப் பரீட்சையில் எழுதித் தேறியவன் நான்.

டாக்டர் எனக்கு விளக்கினார். கை எலும்பின் தலை பெரிய உருண்டை. அது உட்காரும் குழியோ ஆழமில்லாத சின்னத் தட்டு. இடுப்பில் எலும்பே எலும்பை அணைத்துப் பிடிக்கிறது; தோளிலோ சுற்றியுள்ள தசைகளும் நார்களும்தான் பிடித்து வைக்கின்றன. அதனால்தான் கை எல்லாப் பக்கமும் சுழல்கிறது, அதனாலேயே சுலபமாக நழுவியும் விடுகிறது. அன்றே வந்திருந்தால் இழுத்து உட்கார வைத்திருக்கலாம். இப்போது தசை சுருங்கி, குழியும் தூர்ந்திருக்கும் என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது; முதலில் யார் பார்த்தது என்று அவளிடம் என்னைக் கேட்கச் சொன்னார்.

கேட்டேன்.

"நீங்கதானே ஐயா பாத்தீங்க. சுளுக்குன்னு சொன்னீங்க" என்றாள்.

மலாய்க் கிராமத்து வைத்தியரைப் போமோ என்பார்கள். யாரோ ஒரு போமோ எண்ணெய் போட்டு உருவினானாம் என்று நான் டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் போமோக்களைத் திட்டித் தீர்த்தார்.

மயக்கம் கொடுத்து இழுத்தும் மூட்டு உள்ளே போகவில்லை. அவள் கை மார்புக்கு மேல் எழவே இல்லை. வெட்டுக்கத்தியை வாங்கிக்கொண்டு நாற்றங்காலில் களை பிடுங்க விட்டார்கள். புருஷன்தான் அவளுக்குக் கொண்டை போட்டுவிடுகிறான் என்று மற்றப் பெண்கள் சிரித்தார்கள்.

மாதங்கள் கழித்து ஒரு நாள் கொய்னா வாங்க வந்தாள்.

"அன்னைக்கு நான் போமோன்னு சொல்லவே இல்லையே ஐயா."

நான் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அவள் மாத்திரையை இடது கையில் வாங்கி விழுங்கிவிட்டுப் போனாள். அதற்குப் பின் அவள் வீட்டார் யாரும் என்னிடம் வரவில்லை. காய்ச்சலோடு டவுனுக்கு நடந்தார்கள்.

நோயாளியைத் தானே அழைத்து வந்த பொறுப்புள்ள டிரெஸ்ஸர் என்று டாக்டர் என்னைப் பற்றித் துரைக்குக் கடிதம் எழுதியிருந்தார்; துரை அதை என்னிடமே கொடுத்துவிட்டார். அதை நான் இன்னும் கிழித்துப் போடவில்லை.