என் பேரில் ஒரு கெட்ட வார்த்தை

போனோடு தெருவைச் சுற்றி ஓடி, போன் மேப்பில் "இந்தத் தெரு எங்களுது" என்று பிடிக்கிற விளையாட்டுக் கூட்டம் இன்று லிங்கராஜபுரத்துக்கு வந்திருந்தது.

எங்கள் கேட்டுக்கு முன்னால் ஒரு பெண் போனில் கத்தினாள்: "இந்தப் பக்கம் வராதடா, ரோஸியில மாட்டிக்குவ!"

ரோஸி நான்தான்.

"யாரும்மா அது?"

"ஆள் இல்ல பாட்டி, எங்க கேம் வார்த்தை. ஓடுறப்ப யாராவது நிறுத்தி கேள்வி கேட்டு டைம் வேஸ்ட் பண்ணா, அது ரோஸி. சிட்டிக்கு அந்தக் கோடி, பொம்மனஹள்ளி வரைக்கும் அப்படித்தான் சொல்றாங்க."

போன மாதம் இதே விளையாட்டில் என் ரோஜாத் தொட்டியை உதைத்துவிட்டு ஓடியவனை நிறுத்தி, என் பேரையும் சொல்லி விசாரித்தேன். அவன் வேலைதான் இது.

"உன் வீடு எதும்மா? எந்தச் சர்ச்? அம்மாவுக்கு எந்த ஊரு?"

பாவம், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அதற்குள் எதிர் அணி தெருவைப் பிடித்துவிட்டது.

"ஐயோ, தெரு போச்சே! உங்க பேரென்ன பாட்டி?"

சொன்னேன்.

பொம்மனஹள்ளியில் இருப்பவர்களே, என் பேரை அங்கே சரியாகச் சொல்கிறார்களா?