‘பாக்கலாம்’ சாமியைப் பார்க்கப் போனேன்

காலை எட்டரைக்குப் புதுச்சேரி பேருந்து நிலையத்தில் மடுகரை பஸ் ஏறினேன். ஊர் சுற்ற அல்ல. தங்கை செல்வியை இழுத்து வர. அவளுக்குச் சர்க்கரை, காலில் புண். மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு சாமியார் கொட்டகையே கதியென்று கிடக்கிறாள். என் வாய்க்கு முன்னால் எந்தச் சாமியாரும் நிற்க மாட்டான் என்ற தைரியத்தில்தான் கிளம்பினேன்.

வில்லியனூர் தாண்டி, ஏம்பலம், நெட்டப்பாக்கம் என்று நின்று நின்று போனது. முன்னால் கரும்பு டிராக்டர். பஸ் நடந்துதான் போனது. மடுகரையில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். நாற்பது ரூபாய்.

“பாக்கலாம் சாமியா?” ஓட்டுநர் சிரித்தார். “அவுரு எரிஞ்சுபோன மோட்டாருக்குக் காயில் கம்பி சுத்துறவரு, அக்கா. எப்ப ரெடியாவும்னா ‘பாக்கலாம்’னுவாரு. பயிரு காஞ்சாலும் மோட்டார் வராது. ஒரு பொம்பள, ஓடிப்போன எம்புள்ள வருவானான்னு கேட்டுது. ‘பாக்கலாம்’னாரு. மறுநாளே பையன் வந்துட்டான். புள்ளைய பாக்கலாம்னு முன்னாடியே சொல்ட்டாருன்னு ஊரே கெளம்பிடுச்சு!”

கொட்டகையில் பழைய மோட்டார்களுக்கு மஞ்சள் குங்குமம். நடுவே பாயில் ஒரு மனிதர்: கசங்கிய சட்டை, தூங்கி வழியும் கண். பேச்சு, பாட்டு, விபூதி எதுவும் கிடையாது. யார் எதைக் கேட்டாலும் கொட்டாவியோடு ஒரே வார்த்தை. அதற்கு அர்த்தம் சொல்லத்தான் சுற்றிலும் அவ்வளவு கூட்டம். இவரிடமா ஏமாந்தார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூலையில் செல்வி. புண் நாறியது.

“இன்னாடி இது? கெளம்பு, அரியூர் ஆஸ்பத்திரிக்கு!”

“மாத்திரைய வுட்டுட்டா சரியாவுமான்னு கேட்டேன்க்கா. பாக்கலாம்னாரு. அவுரு வார்த்தைய மீறி வர மாட்டேன்.”

சாமியாரிடம் திரும்பினேன். “ஐயா, காலே போயிடும். டாக்டராண்ட போன்னு ஒரு வார்த்த சொல்லுங்க.”

அவர் புண்ணைப் பார்த்தார். முகம் வெளுத்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர் கூட்டத்தைப் பார்த்தார்.

“பாக்கலாம்.”

விட்டேனா! “கேட்டியாடி? டாக்டரைப் பாக்கலாம்ங்கிறாரு!” என்று கத்தினேன்.

யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். செல்வி கும்பிட்டு எழுந்தாள். ஆட்டோவைக் காக்க வைத்திருந்தேன்; ஓட்டுநர் தோளைப் பிடித்தபடி அதில் போய் ஏறினாள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனதால்தான் கால் தப்பியது.

ஆனால் கிளம்பும் முன், கொட்டகை மூலையில் இருந்த அவள் பையை எடுக்கக் குனிந்தேன். ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “யக்கா, எம்பொண்ணு கல்யாணத்துக்கும் பாக்கலாம்னுதான் சொன்னாரு. இன்னா அர்த்தம், நீங்களே சொல்லுங்க.”

“மாப்பிள்ளையைப் பாக்கலாம்னு அர்த்தம்.” வாய் முந்திக்கொண்டது.

அவள் பொசுக்கென்று என் காலில் விழுந்தாள். அவளுக்குப் பின்னால் நாலைந்து பேர் வரிசை கட்டினார்கள். வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது. சாமியார், அப்பாடா என்று, எனக்கு இடம்விட்டுப் பாயில் நகர்ந்து உட்கார்ந்தார்.