மஞ்சள் துணியில் ஐந்து பேர்

அன்று போனவர்கள் எட்டுப் பேர். நான், அக்கா, அண்ணி, அக்காவின் பிள்ளைகள் மூன்று, அண்ணியின் பெண்கள் இரண்டு. வராதவர்கள் மூன்று பேர். அண்ணன் லாரியோடு பெங்களூர்ப் பக்கம் போயிருந்தார். களத்தில் நெல் கிடக்கும்போது ராட்டினம் சுற்ற எங்கே வருவது என்று அம்மா சொல்லிவிட்டாள். மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் ஓ.டி. என்ற கூடுதல் நேர வேலை பார்க்கப் போனார். அந்த ஓ.டி. காசை நம்பித்தான் நாங்கள் கிளம்பினோம்.

1991, பொங்கல் முடிந்த அடுத்த வாரம். காணும் பொங்கல் அன்று மெட்ராஸில் கால் வைக்க இடம் இருக்காது என்று ஒரு வாரம் தள்ளிப் போட்டது என் யோசனை. கடற்கரைச் சாலையில் ராட்டினமும் குட்டி ரயிலும் வைத்த பூங்கா அது. நான் அப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் டிரெயினி. ஸ்டாப் வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வேலைக்கு எத்தனை நேரம் ஆகிறது, எந்த இடத்தில் ஆள் சும்மா நிற்கிறான் என்று பார்ப்பதுதான் வேலை. ஒரு வேலை முடியும்போது அடுத்த வேலைக்கான சாமான் கைக்கு வந்திருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதையே பூங்காவுக்கும் வைத்துக்கொண்டேன். கேட்டுக்குள் நுழைந்ததும் எல்லாரும் முதல் ராட்டினத்தில் வரிசை கட்டுவார்கள். நாம் கடைசிக்குப் போய் அங்கிருந்து முன்னால் வர வேண்டும். பிள்ளைகள் ஒரு ராட்டினத்தில் இருக்கும்போதே அக்கா அடுத்ததற்கு வரிசையில் நிற்க வேண்டும். அண்ணி பைகளோடு மரத்தடியைப் பிடிக்க வேண்டும். ஊரெல்லாம் சாப்பிடும் நேரத்துக்கு முன்பே நாம் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.

மாமாவுக்கு ஒரே ஒரு ஆட்சேபணைதான்.

"எல்லாரையும் இட்டுனு போ. சின்னவன் மட்டும் வேணாம். கூட்டத்துல ஒரு எடத்துல நிக்க மாட்டான் அவன்."

"நான் பாத்துக்கறேன் மாமா. எல்லாம் ப்ளான் போட்டுக்கீறேன்."

"நீ ப்ளான் போட்டா அவன் நிப்பானாடா?"

நாலு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போனால் அக்காவும் வர மாட்டாள் என்பது எல்லாருக்கும் தெரியும். மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டே சொன்னார்: "சரி, நீ படிச்சவன். நீ சொன்னா சரி."

எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர் எது என்பதிலிருந்து வயிற்று வலிக்கு எந்த மாத்திரை என்பது வரை என்னிடம்தான் வரும். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அன்றும் வரவில்லை.

மாமா சொன்ன பயத்துக்கும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தேன். தை பிறந்ததும் சின்னவனுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் துணி எடுக்க வேண்டும் அல்லவா? வாலாஜாபாத் போய் ஒரே துணிச் சுருளில் எடுத்தேன். மஞ்சளில் கறுப்புப் புள்ளி. பையன்கள் இரண்டு பேருக்கும் சட்டை, பெண்கள் மூன்று பேருக்கும் கவுன். அண்ணி பார்த்துவிட்டு, "இன்னா கொழுந்தனாரே, பேண்டு செட்டுக்கு எடுத்தியா?" என்றாள். எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் எண்ணிவிடலாம் அண்ணி என்றேன். ஐந்து மஞ்சள் இருந்தால் ஐந்து பேர். அவ்வளவுதான் கணக்கு.

விடியும் முன் பஸ் பிடித்து, சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் ஏறி, கிண்டியில் இறங்கி, இன்னும் இரண்டு பஸ் மாறிப் போனோம். ரயிலில் நான் உட்காரவே இல்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஐந்து மஞ்சளை எண்ணினேன். கிண்டி வந்தபோது சின்னவனே விரலை நீட்டி எண்ண ஆரம்பித்துவிட்டான். ஒன்று, இரண்டு, அஞ்சு என்று முடித்தான்.

பூங்கா வாசலில் சிமெண்டில் ஒரு பெரிய யானை நின்றது. பிள்ளைகளை அதன் முன் நிறுத்தி, யாராவது தொலைந்து போனால் அழாமல் இந்த யானையிடம் வந்து நிற்க வேண்டும் என்று சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

முதல் இரண்டு ராட்டினங்கள் நான் நினைத்தபடியே நடந்தன. பின்பக்கம் கூட்டமே இல்லை. பிள்ளைகள் இறங்கவும், அக்கா அடுத்த வரிசையில் முன்னால் நிற்கவும் சரியாக இருந்தது. மூன்றாவது குட்டி ரயில். அக்காவை அடுத்த டிக்கெட்டுக்கு அனுப்பிவிட்டேன். அண்ணி சவுக்கு மரத்தடியில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரயில் வந்து நின்றது. பிள்ளைகள் கும்பலாகக் கொட்டினார்கள். நான் வெளியே வரும் வழியில் நின்று எண்ணினேன். ஐந்து. ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரம் தப்பிவிடக் கூடாதே என்று முன்னால் நடந்தேன். அக்காவின் பெரிய பையன் தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தான். அவன் கண் முழுக்க ராட்சத ராட்டினத்தின் மேல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அப்போதும் ஐந்து.

அக்கா டிக்கெட்டோடு வந்து சேர்ந்தாள். புளிசாதத்தை உருட்டி ஒவ்வொரு கையிலும் வைத்துக்கொண்டு வந்தவள் கடைசிக் கையில் வைத்துவிட்டு நின்றாள்.

"டேய். இது யாரு வூட்டுப் புள்ளடா?"

பார்த்தேன். மஞ்சள் சட்டை, கறுப்புப் புள்ளி, அதே உயரம். முகம் வேறு. அவன் பாட்டுக்குச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தான்.

"எம் புள்ள எங்கடா?"

எனக்குக் காதுக்குள் ரயில் ஓடுகிற மாதிரி இருந்தது. யானை, யானைகிட்ட நிப்பான் அக்கா என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

"அவனுக்கு யானைன்னாலே பயம்டா. கோயில் யானைக்கே மூத்தரம் போனவன். அங்க எப்புடிடா நிப்பான்?"

அதை நான் அவளிடம் கேட்டிருக்கவில்லை.

இந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தேடலாம், இவனைத் தேடுகிறவர்கள் கண்ணில் படுவார்கள் என்று அண்ணி சொன்னாள். அக்கா அந்தப் பையனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "இவன் எங்கயும் வர மாட்டான். என் புள்ள என் கைக்கு வரட்டும், அப்புறம் இவனை வுடறேன்" என்றாள். அவள் குரலில் அழுகை இல்லை. அதுதான் பயமாக இருந்தது. மற்ற நால்வரையும் மடியோடு சேர்த்து உட்கார வைத்துக்கொண்டாள்.

நானும் அண்ணியும் ஓடினோம். யானையிடம் அவன் இல்லை. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் மைக் இருந்தது. மைக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அடையாளம் சொல்லுப்பா."

"மஞ்சள் சட்டை. கறுப்புப் புள்ளி."

அவர் அப்படியே மைக்கில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஓர் அம்மாள் ஒரு மஞ்சள் சட்டைப் பையனை இழுத்துக்கொண்டு வந்தாள். ஓடுறான் சார், இவனைத்தானே கூப்பிட்டீங்க, ரெண்டு அதட்டு அதட்டுங்க என்றாள். அவள் பிள்ளைதான். அடுத்து ஒருவர் மஞ்சள் கவுன் போட்ட பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து, "எம் பொண்ணை இன்னாத்துக்குய்யா மைக்ல கூப்புடுறீங்க?" என்று சண்டைக்கு நின்றார். கூட்டத்துக்குப் பயந்து ஒரு வாரம் தள்ளி வந்தவன் நான் மட்டும் இல்லை. வாலாஜாபாத்தில் பொங்கல் துணி எடுத்தவனும் நான் மட்டும் இல்லை.

"தம்பி, சட்டையை வுடு" என்றார் மைக்காரர். "பொங்கலுக்கு ஊரே அதைத்தான் போட்டுனுகீது. ஒடம்புல ஏதாச்சும் சொல்லு. மச்சம், தழும்பு."

தினம் பார்க்கிற முகம். கண்ணை மூடினால் மஞ்சள்தான் தெரிந்தது.

அண்ணிதான் சொன்னாள். "இடது காதுல வேப்பங்குச்சி கீதுங்க. குத்துன எடம் சீழ் வெச்சிடுச்சின்னு தோட்டைக் கழட்டிட்டு குச்சி சொருகிக்கீறோம்." என் பக்கம் திரும்பினாள். "ஏன் தம்பி, ஒன் மடில வெச்சித்தான குத்துனாங்க?"

ஆமாம். என் மடியில்தான். ஆசாரி குத்தும்போது அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்தவன் நான். அந்தச் சூடு கையில் இருந்தது. நினைவுக்குத்தான் வரவில்லை.

மைக்காரர் இரண்டு தடவை சொன்னார். யாரும் வரவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்: "பின்னால கேட்டாண்ட பாத்தியா? அது தொறந்து கீது. அந்தாண்ட கடல். அங்க மைக்கு கேக்காது."

கடல் என் திட்டத்திலேயே இல்லை. பூங்காவுக்குப் பின்னால் கடல் இருக்கும் என்று தெரியும். அதற்கு ஒரு கேட் இருக்கும் என்று நினைக்கவில்லை. அண்ணியை மைக் அறையில் விட்டுவிட்டு ஓடினேன். செருப்பு எங்கே போனது என்று தெரியாது. மணலில் ஓட ஓடக் கால் உள்ளே போனது. நீ சொன்னா சரி, நீ சொன்னா சரி என்று மாமாவின் குரல் கூடவே வந்தது.

தண்ணீர் ஓரத்தில் ஒரு பெரிய கும்பல். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டி முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். சுற்றிலும் மஞ்சள் மஞ்சளாகப் பிள்ளைகள். நான் முகத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையாகப் பிடித்துத் திருப்பி இடது காதைப் பார்த்தேன். வெறும் காது. தோடு. வெறும் காது.

"யோவ், இன்னாய்யா நீ, புள்ளைங்க காதைத் திருகினு வர்ற?" வேட்டி நனைந்த ஒருவர் என் தோளைப் பிடித்தார்.

அடுத்ததைத் திருப்பினேன். ஈர மணலில் உட்கார்ந்து குழி பறித்துக்கொண்டிருந்த அது, வேப்பங்குச்சியோடு என்னை நிமிர்ந்து பார்த்து, "மாமா, தண்ணி வருது" என்றது. அப்படியே அள்ளிக்கொண்டேன். இடுப்புவரை நனைந்திருந்தான்.

"யோவ், எங்க புள்ளய எங்கய்யா தூக்கினு போற?"

"இது எங்க புள்ளதாங்க."

"இன்னா ஒங்க புள்ள? எட்டு புள்ளைங்கள இட்டாந்தோம். வேணும்னா எண்ணிப் பாரு." அவரே விரலை நீட்டி எண்ணினார். என் கையில் இருப்பவனையும் சேர்த்து எட்டு. "கணக்கு சரியாக்கீதுல்ல?"

அவர் மனைவி தண்ணீரிலிருந்து வந்து என் கையில் இருந்தவனின் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு மற்ற பிள்ளைகளைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. அக்காவின் முகம் மாறியதும் அப்படித்தான். "ஏங்க, நம்ம சின்னது எங்கங்க?"

"எங்ககிட்ட கீதுங்க" என்றேன். "புளிசோறு துன்னுனு கீது."

மற்ற பிள்ளைகளை அவர்கள் கும்பலிடம் விட்டுவிட்டு, வழியில் அண்ணியையும் கூட்டிக்கொண்டு, மூன்று பேரும் சவுக்கு மரத்தடிக்கு வந்தோம். அக்கா நான் விட்டுப்போன இடத்திலேயே இருந்தாள். தன் பிள்ளை மடியில் வந்து விழுந்த பிறகுதான் அந்த மணிக்கட்டை விட்டாள். அதில் அவள் நான்கு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தது. அந்தப் பையனின் அம்மா அதைத் தடவிக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அவரவர் பிள்ளையை முகர்ந்துகொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"துணி எங்க எடுத்தீங்க?" என்று அந்த ஆள் என்னைக் கேட்டார்.

"வாலாஜாபாத்து. பஸ் ஸ்டாண்டு எதிர்க்க."

"ஒங்களுக்குன்னே எடுத்து வெச்சேன்னு சொன்னானா?"

"ஆமாங்க."

"எங்ககிட்டயும் அதான் சொன்னான்" என்றார். அண்ணி மட்டும் சிரித்தாள். பிறகு அவளும் நிறுத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒரு ராட்டினமும் ஏறவில்லை. அக்கா எடுத்து வந்த டிக்கெட் அவள் முந்தானை முடிச்சிலேயே இருந்தது. பெரிய பையன் ராட்சத ராட்டினத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே வந்தான், கேட்கவில்லை. வாசலுக்கு வந்ததும் அக்கா நின்றாள்.

"பஸ்ஸும் வேணாம், ரயிலும் வேணாம். கூட்டத்துல நான் ஏற மாட்டேன். ஒரு டாக்சி புடி."

"அக்கா, நம்ம ஊருக்கா? போக வர ரெண்டு வாடகையும் கேப்பான்."

"புடிடா."

திருவான்மியூரிலிருந்து வந்த ஓர் அம்பாசிடரில் எட்டுப் பேரும் அடைந்துகொண்டோம். வழியில் அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அவருகிட்ட நானே சொல்றேன். நீ வாயைத் தொறக்காத. இன்னிக்கி வேணாம்."

பொழுது சாயும் முன்பே ஊர் வந்துவிட்டது. டாக்சி வாடகையை அம்மா ஏற்கனவே நெல் விற்ற காசிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மாமா ஓ.டி. முடித்து வந்து சைக்கிளை நிறுத்தினார். பிள்ளைகள் வழக்கம்போல ஓடிப்போய்ச் சூழ்ந்துகொள்ளவில்லை. சின்னவன் மட்டும் போனான்.

"இன்னாடா பாத்த?"

"கடல் பாத்தேன்பா. தண்ணி வந்துச்சி."

மாமா தன் பெண்ணைப் பார்த்தார். "கடலுக்கா போனீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். அண்ணி அடுப்படிக்குள் போய்விட்டாள். அக்கா, ஈரம் காயாத அந்த மஞ்சள் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் குறைக்கவில்லை. நான் சொன்ன யானையைச் சொன்னாள். அந்தப் பிள்ளையின் கையைத் தான் பிடித்திருந்ததைச் சொன்னாள். கடல் கேட்டைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது.

மாமா சின்னவனைத் தூக்கித் தோளில் சாய்த்து, காதில் இருந்த குச்சியை லேசாகத் தொட்டுப் பார்த்தார். அவன் முனகினான். நான் படிச்சவன் என்று இனி அவர் சொல்ல மாட்டார் என்று நினைத்துக்கொண்டு, திட்டுக்குக் காத்து நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"காலைல இவன டாக்டராண்ட இட்டுனு போ" என்றார். "உப்புத்தண்ணி பட்டுக்கீது." பிறகு சட்டைப் பையிலிருந்து அன்றைய ஓ.டி. காசு அறுபது ரூபாயை எடுத்தபடியே கேட்டார்: "எல்லாம் சேத்து எவ்ளோ ஆச்சு?"

"நானூத்திப் பத்து ரூபா, மாமா."