அணைத்த கற்பூரமும் வராத இஞ்சினும்

வண்டி ஸ்டாண்டு முனீஸ்வரனுக்குக் கற்பூரம் காட்டாமல் அரிகிருஷ்ணன் ஒரு நாளும் சாவியைத் திருப்பினதில்லை. வல்லம், அனந்தபுரம் பக்கத்திலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றி வந்து செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் இறக்குவதுதான் அவர் பிழைப்பு. அதிர்ந்து பேசாத மனுஷன். ரோட்டில் மாடு நின்றால்கூட ஆரன் அடிக்கமாட்டார். அதுவாக நகர்கிற வரைக்கும் காத்திருப்பார். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிட்டது.

ஸ்டாண்டுக்கு எதிரே வீரமணியின் மெக்கானிக் ஷெட். இரண்டு பேரும் ஒரு டீயை இரண்டாக ஆற்றிக் குடிக்கிற சிநேகிதம். இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று பெரிய பிக்கப் வண்டி கொண்டுவரப் போகிறதாம். மணல், பாறை எதுவானாலும் பறந்து ஏறுமாம். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட துணியால் உடம்பை மூடிக்கொண்டு அது சோதனைக்கு ஓடுகிறதை யாரோ ஒளிந்திருந்து வீடியோ எடுத்துப் போட்டிருந்தான். உள்ளே என்ன இஞ்சின் என்று மட்டும் கம்பெனி வாயைத் திறக்கவில்லை. அதன் ஒரு டயர் வாங்கக்கூட இவர்களுக்கு வழி கிடையாது. இருந்தாலும் சொந்த வீட்டுக் கல்யாணம் மாதிரி தினமும் அதே பேச்சு.

போன ஆடியில் ஒரு காலை. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"டீசல்தான்பா," என்றார் அரிகிருஷ்ணன். "அம்மாம் பெரிய பாடி. டீசல் இல்லாம மேடு எப்டி ஏறும்?"

"பெட்ரோல். ஆறு சிலிண்டரு, ரெண்டு டர்போ. சத்தத்தக் கேட்டாலே தெரியுது. இன்னொரு வாட்டி போடு."

போட்டார். வீரமணி போனை வாங்கிக் காதோடு அழுத்தி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு இன்னொரு வாட்டி போடச் சொன்னார்.

"இன்னாத்தப்பா கேக்கற? போய் செவிட்டு மெஷினு வாங்கி மாட்டிக்கினு வா. அப்பறம் இஞ்சின் சத்தம் சொல்லலாம்!"

அரிகிருஷ்ணன் இப்படிச் சொன்னதும் ஸ்டாண்டே சிரித்தது. டிரைவர் சேரன் விடவில்லை. "அதான் எங் கியர் பாக்ஸு கத்தறது இன்னும் நிக்கலியா, மெக்கானிக்கு?" மறுபடியும் சிரிப்பு.

வீரமணியின் முகம் கறுத்துவிட்டது. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். "முனீஸ்வரன் மேல சத்தியம். இஞ்சின் இன்னான்னு கம்பெனிக்காரன் சொல்லட்டும். தோத்தவன் மொதல்ல வந்து பேசணும். அதுவரைக்கும் ஒனக்கும் எனக்கும் பேச்சே கிடையாது."

"ஆவட்டும்," என்று சூடு ஆறாத தட்டில் அரிகிருஷ்ணனும் கையை வைத்தார்.

தீபாவளிக்குச் சொல்லிவிடுவார்கள் என்றார்கள். சொல்லவில்லை. பொங்கலுக்கு என்றார்கள். அதுவும் போனது. காலையில் சாமி கும்பிட்ட கையோடு அரிகிருஷ்ணன் போனைத் தடவிப் பார்ப்பார். இஞ்சின் சேதி இருக்காது. எதிரே வீரமணி குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருப்பார்.

ஸ்டாண்டில் அவருக்கு 'செவிட்டு மெக்கானிக்' என்றே பேர் விழுந்துவிட்டது. சேரன் வண்டியை வேறு ஷெட்டுக்குக் கொண்டுபோனான். அவன் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். பேசாமல் எப்படி ரிப்பேர் சொல்வது என்று அரிகிருஷ்ணனும் திண்டிவனம் ரோட்டு ஷெட்டுக்குப் போய்விட்டார்.

"சத்தியம் தடுக்குது, ரஞ்சிதம். சாமி விஷயம்," என்றார் பெண்சாதியிடம்.

"சாமியா தடுக்குது? ஒன் ரோஷம் தடுக்குது," என்றாள் அவள். சாமியை இழுத்துப் பேசாதே என்று அவளை அடக்கிவிட்டார்.

பங்குனியில் ஒரு நாள் கமிட்டியில் மூட்டை இறக்கும்போது, சிந்தின மல்லாட்டையைக் கூட்டி அள்ளுகிற பெண்களில் ஒருத்தி முந்தானையை இழுத்து முகத்தை மறைத்தாள். வீரமணியின் சம்சாரம் மீனம்பாள்.

"நீ எங்கம்மா இங்க?"

"ஷெட்டுல வேலை இல்லண்ணா." அவள் துடைப்பத்தைக் கீழே போடவில்லை. "அவருக்கு நெசமாவே காது கேக்கல. நீங்கள்லாம் சிரிச்சீங்களே, அதுக்கும் முன்னாடியிலேருந்தே. டாக்டராண்ட போன்னு சொன்னா, வெளிய தெரிஞ்சா எவன் வண்டி வுடுவான்னாரு. ஒங்ககிட்ட மட்டும் சொல்லலாம்னு இருந்தாரு. அதுக்குள்ள அப்டி ஆயிடுச்சு. இப்பதான் பாண்டி ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனேன். முன்னயே வந்திருந்தா கொஞ்சமாச்சும் காப்பாத்தியிருக்கலாமாம்."

அரிகிருஷ்ணன் மீதி மூட்டையை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தார். நேராகப் பூசாரி பச்சமுத்துவிடம் போய்ச் சத்தியத்தைச் சொன்னார்.

"அதுக்கின்னா? மஞ்சத் துணியில ஒரு காசு முடிஞ்சு, அபராதம்னு சாமி கால்ல வை. தீந்துது. இத அன்னைக்கே வந்து கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பனே."

கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை என்று முடிச்சுப் போடும்போது அவருக்கே தெரிந்தது. ரோஷத்துக்குச் சாமி பேரை வைத்து இத்தனை மாசம் கும்பிட்டிருக்கிறார்.

காசை வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டினார். வீரமணி முதுகு காட்டி உட்கார்ந்து ஒரு டியூப்புக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"வீரமணி."

திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். டியூப்பைத் தண்ணீரில் முக்குகிற கை நிற்கவில்லை. அரிகிருஷ்ணன் சுற்றிப் போய் முன்னால் நின்றார்.

வீரமணி நிமிர்ந்தார். "இன்னா, இஞ்சின் வந்துடுச்சா?" என்றார், தேவைக்கு மேலே சத்தமாக.

"வந்துடுச்சு. பெட்ரோல்தான். நாந்தான் தோத்தேன்."

காதில் விழவில்லை. அதையே கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. முனீஸ்வரன் பார்த்துக்கொண்டிருக்க, பொய்யைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்ட வீரமணி தலையை ஆட்டினார். "பொய் சொல்லாதப்பா. இன்னும் சொல்லல. நானுந்தான் தெனம் பாக்கறேன்."

அரிகிருஷ்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அந்த வீடியோவப் போடு," என்று வீரமணி கை நீட்டினார். போனைக் காதில் அழுத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். "ஒண்ணும் வரல. நீ கேட்டுச் சொல்லு."

ஜெயிக்கிற நினைப்பில்லாமல் அரிகிருஷ்ணன் அந்தச் சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டார். டீசலா, பெட்ரோலா, அவருக்குப் பிடிபடவே இல்லை. இதெல்லாம் எப்போதும் வீரமணியைக் கேட்டுத்தான் அவருக்குத் தெரியும்.

"தெரியலப்பா," என்றார்.

வீரமணி அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.